பெல்ட்டு வேலை செய்கிறது

பிள்ளைங்களா, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிச் சிரித்தது என் காதில் விழுந்தது. "நைனா ஒரு இட்லி துன்னு முடிக்கறதுக்குள்ள நம்ம ஒரு படமே பாத்துட்டு வந்துடலாம்" என்று சின்னவள் சொன்னாள். "அதுக்கு முன்னாடி ஒரு காலம் கீது, உனக்கு ஞாபகம் இருக்காது. அம்மா இன்னா செஞ்சி போட்டாலும் நைனா எழுந்து பாத்ரூமுக்கு ஓடிரும்" என்றான் பெரியவன். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நீங்கள் சிரித்தால் எனக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று உங்களிடம் யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. பெரியவன் அப்போது ஆறாவது படித்தான், சின்னவள் ஒன்றாவது. "நைனாவுக்கு வயித்துல ஆபரேஷன்" என்று மட்டும் சொல்லி உங்களைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டோம்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். எழுத வந்த அளவுக்கு எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் நம் வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நானும் சந்தோஷமாக இருந்தேன். அப்படி இருந்தபோதுதான் நான் செத்துக்கொண்டிருந்தேன்.

நம்முடைய கேன்டீன் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பி உருட்டும் மில்லுக்குள் இருந்தது, உங்களுக்குத் தெரியும். பழுக்கக் காய்ந்த இரும்பு, உருளைகளுக்கு நடுவே நுழைந்து கம்பியாக வெளியே வரும்போது போடுகிற சத்தம் கேன்டீன் தகரக் கூரை வரைக்கும் அதிரும். சமையலுக்கு அம்மாதான் தலைமை. சரக்கு வாங்குவது, ஆட்களைப் பார்ப்பது, கணக்கு எல்லாம் நான். இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. அதை வேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் அதுதான் பெரிய வேலை. முதல் தட்டு சாப்பிடுவது.

எனக்கு முன்னால் கேன்டீன் எடுத்திருந்தவர் காலத்தில் சாம்பாரில் பல்லி விழுந்து ஒரு ஷிப்ட் ஆட்கள் பூராவும் படுத்துவிட்டார்களாம். அதற்கப்புறம் சங்கம் ஒரு சட்டம் போட்டது. சாப்பாட்டு மணி அடித்ததும் கான்ட்ராக்டர் கவுன்டருக்கு வெளியே வந்து, வரிசையில் நிற்கிறவர்களுக்கு முன்னால் நின்று, முதல் தட்டு முழுவதையும் சாப்பிட வேண்டும். ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு வைப்பதெல்லாம் செல்லாது. சோறு, குழம்பு, பொரியல், அப்பளம், மோர் வரைக்கும் உள்ளே போக வேண்டும். சங்கத்துச் செயலாளர் தலையை ஆட்டின பிறகுதான் வரிசை நகரும். பகல் ஷிப்ட்டுக்கு ஒரு தட்டு, சாயங்கால ஷிப்ட்டுக்கு ஒரு தட்டு. வீட்டுக்கு வந்தால் உங்களோடு உட்கார்ந்து இன்னொரு தட்டு. நான் ஏன் குண்டாக இருந்தேன் என்று இப்போது புரிகிறதா?

ஆனால் அந்த உடம்புதான் நமக்கு விளம்பரம். "கேன்டீன்காரன் இந்த சைசுல கீறான்னா சோறு எப்பிடி இருக்கும், பாத்துக்கோ" என்று புதிதாக வேலைக்கு வருகிறவனிடம் சொல்வார்கள். வீட்டுத் தராசு என்னைத் தாங்கவில்லை. ஒருநாள் ஸ்டோரில் பழைய இரும்பு எடை போடுகிற மேடை மேல் ஏறி நின்றேன். எடை போடுகிறவன் முள்ளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணே, எறங்காத. அப்டியே லாரில ஏத்தினா நல்ல ரேட்டு கெடைக்கும்" என்றான். ஸ்டோர் பூராவும் சிரித்தது. நான்தான் அதிகமாகச் சிரித்தேன். சிரித்து முடித்து மூச்சு வாங்க ஒரு மூட்டை மேல் உட்கார வேண்டியதாகிவிட்டது.

முட்டி போய்விட்டது. சர்க்கரை ஏறிவிட்டது. ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் என் வண்டி போய்விடும். மில்லில் ஒரு வடக்கத்தி மேனேஜர் இருந்தார், என்னைவிடப் பெரிய ஆள். அவர் கொஞ்ச நாள் லீவில் போய்விட்டு வந்தார். அடுத்த தீபாவளிக்குள் பாதியாகிவிட்டார். என்னைக் கூப்பிட்டு, மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் வயிற்றின் மேல்பாகத்தைச் சுற்றி ரப்பர் மாதிரி ஒரு வளையம் மாட்டுகிறார்கள், அதற்கு மேல் கொஞ்சம் சோறுதான் பிடிக்கும், அதிலேயே பசி அடங்கிவிடும் என்று சொன்னார். வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள், சின்னத் துளைதான். வேண்டாம் என்றால் கழற்றியும் விடலாம். தோலுக்கு அடியில் ஒரு பித்தான் மாதிரி வைத்துவிடுவார்கள். அதில் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். இதையெல்லாம் வீட்டில் வந்து சொன்னபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அப்டின்னா பெல்ட்டு மாதிரியாங்க?"

அன்றைக்கு அதற்கு பெல்ட்டு என்று பேர் வந்தது. சீட்டு எடுத்து, மேனேஜரும் கொஞ்சம் உதவி செய்து, பெல்ட்டு போட்டுக்கொண்டேன்.

முதல் சில வாரம் கஞ்சித் தண்ணீர், அப்புறம் குழைந்த சோறு. அதுவரைக்கும் அம்மாவின் தம்பி, உங்கள் மாமா, எனக்குப் பதிலாக முதல் தட்டைச் சாப்பிட்டான். நான் திரும்பி வந்த அன்றைக்குச் செயலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். உருளை மிஷினில் நின்று நின்று முகம் செம்பு நிறத்தில் இருக்கும். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், செய்கிற வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"யோவ் கேன்டீனு, வந்துட்டியா? தட்ட எடு."

"அண்ணே, வயித்துல பெல்ட்டு போட்டுக்கீறேன். கொஞ்சமாத்தான் எறங்கும். அரைத் தட்டு வெச்சிக்கலாமா?"

"அரைத் தட்டா? நீ துன்ற பாதில பல்லி இல்ல, துன்னாத பாதில கீதுன்னா இன்னா பண்ணுவ?"

வரிசை பூராவும் சிரித்தது. நியாயம்தானே? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, ஆனால் எல்லாவற்றிலும். எதையும் விடக் கூடாது.

பெல்ட்டு போட்டவன் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். சின்ன வாய். கூழாகிற வரைக்கும் மெல்லணும். முழுங்கிவிட்டுக் காத்திருக்கணும். அது இறங்கினது தெரிந்த பிறகு அடுத்த வாய். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. இதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு. எனக்கு முன்னால் சூட்டில் வெந்து வந்த நூறு பேர் நிற்பார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணிதான். நான் ஒரு வாய் மென்றுகொண்டிருந்தால் பின்னால் தட்டைக் கரண்டியால் தட்ட ஆரம்பிப்பார்கள். "இன்னாண்ணே, ஆடு அசை போடற மாதிரி போட்டுக்கினு கீற?" என்று ஒருத்தன் கத்துவான். எவ்வளவு நேரம் மெல்ல முடியும்? முழுங்குவேன்.

முழுங்கினால் மாட்டிக்கொள்ளும். அது எப்படி இருக்கும் தெரியுமா? நெஞ்சுக்குழிக்குள் ஒருத்தன் முட்டியை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும், முழுங்க முடியாது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் செயலாளரைப் பார்ப்பேன். அவர் தலையை ஆட்டுவார். வரிசை நகரும். நான் மெதுவாக நடந்து, வேகமாக நடந்தால் சந்தேகப்படுவார்கள் என்று மெதுவாக நடந்து, அடுப்புச் சாம்பல் கொட்டுகிற இடத்துக்குப் போய்த் திருப்பி விடுவேன். சாப்பிட்டது சாப்பிட்டபடியே வரும். புளிப்பு இருக்காது, நாற்றம் இருக்காது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தால் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும்.

நான் வருவதைப் பார்த்து அடுப்படியிலிருந்து அம்மா கண்ணாலேயே கேட்பாள். மாமா வாயைத் திறந்தே கேட்பான். "இன்னா மாமா, பெல்ட்டு வேலை செய்யுதா?"

"செய்யுதுடா" என்பேன்.

அப்படித்தான் நாங்கள் எல்லாரும் நம்பினோம். பெல்ட்டு எதற்குப் போட்டது? சோறு உள்ளே போகாமல் இருக்கத்தானே? போகாமல் தடுக்கிறது, மீறிப் போட்டால் வெளியே தள்ளுகிறது. அப்படியென்றால் ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? சுமை மீறினால் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற டிரிப் சுவிட்சு மாதிரி. மில்லில் இருக்கிறவர்களுக்கு இப்படிச் சொன்னால் உடனே புரியும். எனக்கும் உடனே புரிந்துவிட்டது. அதுதான் தப்பாகப் போனது. வாந்தி என்பது சீக்காளிக்கு வருவது, எனக்கு வருவது வைத்தியத்தில் சேர்ந்தது என்று மனசில் பதிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பாப்பா "வாந்தி ஏதாவது இருக்காங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று வாய் நிறையச் சொன்னேன். பொய் சொல்கிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா என்று கேட்டேன். இறுக்கினார்கள்.

உடம்பு வடிந்தது. வடிந்தது என்றால், ஆள் கரைந்தேன். சோழவரத்தில் சித்தப்பா மகள் கல்யாணம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பெரியவன் ஐஸ்கிரீமை சட்டையில் கொட்டிக்கொண்ட கல்யாணம். அங்கே என்னைச் சுற்றிக் கூட்டம். "யாருடா இது, புது மாப்ள?" "இன்னா துன்ற, சொல்லேன், எங்க ஊட்டுக்காரருக்கும் குடுக்கறேன்." அம்மா அன்றைக்கு அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "முன்னால எல்லாம் பஸ்ல ரெண்டு சீட்டு புடிப்பாரு. இப்ப என் பக்கத்துல உக்காந்தா எடமே தெரில" என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். பந்தியில் எனக்கும் இலை போட்டார்கள். பாயசத்தை மட்டும் குடித்தேன். வழவழப்பானது எதுவும் இறங்கிவிடும்.

இப்போது நினைத்துப் பார்த்தால் எத்தனை அடையாளம் இருந்திருக்கிறது என்று பயமாக இருக்கிறது. படுத்தால் இருமல் வந்தது, தொண்டை எரிந்தது. அதனால் நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கப் பழகினேன். தலை சீவினால் சீப்பில் கொத்தாக முடி. கடைவாய்ப் பல் ஓரம் உடைந்து விழுந்தது, வலிகூட இல்லை. சோற்று அண்டாவை இன்னொரு ஆளோடு பிடித்துத் தூக்குகிறவன் நான், அதை அசைக்க முடியாமல் போனது. "எளச்சிட்டீங்க இல்ல, அதான்" என்றாள் அம்மா. எல்லாவற்றுக்கும் ஒரு பதில் எங்களிடம் தயாராக இருந்தது.

சின்னவளே, ஒருநாள் நீ பாத்ரூம் கதவண்டை வந்து நின்றாய். நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அது தானாக வரும்.

"நைனா, அழுவுறியா?"

"இல்ல கண்ணு. பெல்ட்டு வேலை செய்யுது."

நீ ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில், பள்ளிக்கூட ஆட்டோவில், உன் டீச்சரிடம் எல்லாம் "எங்க நைனா வயித்துல பெல்ட்டு வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு வந்தாய். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு என்னவென்று கேட்டார்கள். அம்மா பெருமையாக விளக்கிவிட்டு வந்தாள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு எழுதக் கை வராத இடம்.

வெயில் காலம். முந்தின நாளிலிருந்தே தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒரு மிடறு குடித்தால் நெஞ்சில் போய் நிற்கும், கொஞ்ச நேரத்தில் வாய்க்குத் திரும்பி வரும். இறுக்கினது நன்றாகப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிள்ளைங்களா, தண்ணீர் இறங்கவில்லை, நான் அப்படி நினைத்தேன். அன்றைக்குக் கேன்டீனில் கறிக் குழம்பு. மணி அடித்தது. கவுன்டருக்கு வெளியே வந்து தட்டைக் கையில் எடுத்தேன். செயலாளர் எதிரே நின்றார். குழம்பு பிசைந்த ஒரு வாய் சோற்றைப் போட்டு, மென்று, முழுங்கினேன். அடுத்த நொடி இடது தோள்பட்டைக்குள் கம்பியைக் காய்ச்சிச் செருகின மாதிரி ஒரு வலி. நடந்து போவதற்கு நேரமே கிடைக்கவில்லை. அத்தனை பேர் முன்னால், வரிசைக்கு நேராக, கொட்டிவிட்டேன்.

அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல். "டேய், சோத்துல என்னமோ கீதுடா!"

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. தட்டுகள் தரையில் விழுகிற சத்தம் மில் சத்தத்தையே அமுக்கிவிட்டது. "துன்னவனே கக்கிட்டான்!" "மறுபடியும் பல்லியா?" "கேன்டீன இழுத்து மூடுங்கடா!" ஒரு சோற்றுப் பருக்கைகூடத் தொடாத ஒரு பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். யாரோ குழம்பு அண்டாவைக் கவிழ்க்கக் கை வைத்தார்கள். நான் பருப்பு மூட்டை மேல் சரிந்து உட்கார்ந்திருந்தேன். வாயைத் துடைத்தபடி "இல்லப்பா, இல்லப்பா" என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போது அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள், கையில் கரண்டி. கரண்டியைக் கவுன்டரில் வைத்தாள். நான் கீழே வைத்திருந்த அதே தட்டை, நான் பிசைந்து வைத்திருந்த அதே சோற்றை எடுத்தாள். செயலாளருக்கு நேராக நின்று சாப்பிட ஆரம்பித்தாள்.

வாய் நிறைய எடுத்து, மென்று, முழுங்கினாள். சோறு முடிந்ததும் குழம்பை வழித்தாள். பொரியல், அப்பளம், முட்டை. மோரைக் குடித்துவிட்டுத் தட்டைக் கவிழ்த்துக் காட்டினாள். கூட்டம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று சாமியைக் கும்பிட்டேன். சாப்பாட்டில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த நானே அப்படிக் கும்பிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், பயம் அப்படித் தொற்றிக்கொள்கிறது.

"இன்னா எல்லாரும் பாக்குறீங்க?" என்றாள் அம்மா. "நான் இன்னா, வுழுந்து சாவுறேனா? நிக்கிறேன் இல்ல?"

யாரோ சிரித்தார்கள். செயலாளர் அண்டாவில் கை விட்டு ஒரு பிடி சோறு எடுத்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார். உதட்டை நக்கிக்கொண்டு வரிசையைப் பார்த்தார். "சோறு நல்லா கீது. தட்ட எடுங்கடா."

தட்டுகளைப் பொறுக்கினார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பையன் முதல் ஆளாக வந்து நின்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேன்டீன் பிழைத்தது, மானம் பிழைத்தது, அம்மா நின்றுகொண்டிருக்கிறாள். எழுந்து வேலையைப் பார்க்கலாம் என்று மூட்டையில் கை ஊன்றினேன். அந்த இடத்தில் இருந்த ஒருத்தருக்கும் என்னைப் பற்றி நினைப்பில்லை. எனக்கும் இல்லை.

செயலாளர்தான் நான் கொட்டின இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் பக்கம் வந்தார்.

"யோவ் கேன்டீனு. சோறு நல்லாத்தான் கீது. அப்ப கெட்டுப் போனது இன்னா?"

நான் சிரிக்கப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லண்ணே. பெல்ட்டு வேலை செய்யுது."

"இங்க பாரு. இது சோத்து நெறமாய்யா? காப்பித்தூளு மாதிரி கீது. நீ துன்னது ஒரு வாயி. இது எங்கேந்து வந்துச்சி?"

அப்போதுதான் நான் தரையைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

"எத்தினி நாளா இப்டி வேலை செய்யுது?" என்று அவர் கேட்டார்.

எத்தனை நாள் என்று நான் எண்ணினதே இல்லை. அம்மா கவுன்டரைப் பிடித்துக்கொண்டாள். கையில் மோர் ஈரம் காயவில்லை. "தெனம்" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போதே அவள் முகம் மாறினதை நான் பார்த்தேன். அது எப்படி மாறினது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அவள் வாயால் சொல்லி அவள் காதிலேயே விழுந்த பிறகுதான் அவளுக்கு அது புரிந்தது.

மில் ஜீப்பில் மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். செயலாளர் முன்னால் உட்கார்ந்து லாரிக்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தார். சோழவரம் ஏரிக்கரை தாண்டும்போது எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அம்மா கைக்குட்டையை நனைத்து என் உதட்டில் வைத்தாள். குடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். வைத்துக்கொண்டே "நான்தானே பாத்துக்கினு இருந்தேன், நான்தானே பாத்துக்கினு இருந்தேன்" என்று முணுமுணுத்தபடியே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒன்றை ஒரே ஒரு மிடறு முழுங்கச் சொல்லி, மிஷினுக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். டாக்டர் அந்தத் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். வெள்ளைத் தண்ணீர் மேலேயே குட்டை மாதிரித் தேங்கி நின்றது. கீழே ஒரு சொட்டும் இல்லை. சாய்வாக நிற்க வேண்டிய பெல்ட்டு படுத்துக் கிடந்தது.

"வயிறு பெல்ட்டுக்கு மேல வழுக்கி ஏறி மாட்டிக்கிட்டு இருக்கு. காப்பித்தூள் மாதிரி வந்தது உள்ள கசிஞ்ச ரத்தம். எத்தனை நாளா வாந்தி?"

"அது வந்து சார், வாந்தி இல்ல. பெல்ட்டு வேலை செய்யுது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். சின்ன வயசுக்காரர்தான். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "ஐயா, பெல்ட்டு வேலை செஞ்சா வாந்தியே வரக் கூடாது. ஒரு தடவை வந்தாலும் எங்களுக்கு ஃபோன் பண்ணணும். இன்னும் ஒண்ணு ரெண்டு நாள் விட்டிருந்தா மேல ஏறின வயிறு அழுகிப் போயிருக்கும். அப்புறம் நாங்க ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

அம்மா அவரைப் பார்த்துக் கேட்டாள்: "நாங்க சந்தோஷப்பட்டோமே டாக்டர்?"

செயலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் பித்தானில் ஊசி போட்டு உள்ளே இருந்த தண்ணீரை எடுத்தார்கள். கொஞ்சம் தளர்ந்தது, ஆனால் வயிறு தானாக இறங்கவில்லை. அன்றைக்கே ஆபரேஷன் செய்து பெல்ட்டையே எடுத்துவிட்டார்கள். வயிறு கறுக்க ஆரம்பித்திருந்ததாம். சுடுதண்ணீரில் நனைத்த துணியை அதன் மேல் வைத்து, சிவப்பாகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருந்தார்களாம். சிவந்தது. வெட்டாமல் விட்டுவிட்டார்கள். இதை டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். நான் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கேன்டீன் நன்றாக இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்ட அந்த நேரத்தில் என் வயிறு கறுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதோடு முடிந்துவிடவில்லை. பித்தான் இருந்த இடத்தில் சீழ் வைத்தது. ஆறுவது போல இருக்கும், மறுபடி உடையும். மழைக் காலம் வரைக்கும் மெட்ராஸுக்கு ரயிலில் போய்ப் போய்ப் புண்ணுக்குத் துணி வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். உடம்பு திரும்ப வந்துவிட்டது. சர்க்கரையும் அதன் பின்னாலேயே வந்துவிட்டது. மாத்திரை போடுகிறேன், நடக்கிறேன், அவ்வளவுதான். பெல்ட்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. அந்த வடக்கத்தி மேனேஜர் அதோடு நன்றாகத்தான் இருந்தார். அவர் உட்கார்ந்து, மென்று, மெதுவாகச் சாப்பிட்டார். வயிறு சொன்னதைக் கேட்டார்.

முதல் தட்டை அப்புறம் எனக்கு யாரும் தரவில்லை. சங்கம் கூட்டம் போட்டுச் சட்டத்தை மாற்றியது. "ஆக்கினவங்களே துன்னட்டும், அதான் கரெக்டு" என்றார் செயலாளர். நான் மறுபடி குண்டாகி வந்ததைப் பார்த்து வரிசையில் ஒருத்தன் கத்தினான்: "அண்ணே, இப்பத்தான் எங்களுக்கு நம்பிக்க வந்துச்சி!" எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரித்தேன். அம்மா மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சோறு போட்டுவிட்டு நான் முழுங்குகிற வரைக்கும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு ரொம்ப நாள் வழக்கமாக இருந்தது.

புண்ணுக்குக் கட்டுப் போடுவது முடிந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பின அன்றைக்கு நான் மட்டும் ரயிலில் திரும்பி வந்தேன். கும்மிடிப்பூண்டியில் இறங்கினவர்கள் எல்லாரும் ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று மேம்பாலம் ஏறி ஓடினார்கள். பிளாட்பாரம் காலியாகிவிட்டது. டீக்கடையில் ஒரு பன் வாங்கினேன். பெல்ட்டு இருந்தவனுக்கு பன் ஆகவே ஆகாது. உள்ளே போய் மாவாகி அப்படியே அடைத்துக்கொள்ளும். பெல்ட்டு எடுத்த பிறகும் அதைத் தொட எனக்குத் தைரியம் வந்ததில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். ஒரு வாய் கடித்தேன். மென்றேன். முழுங்கினேன். முழுங்கிவிட்டு அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வாயில் எச்சில் ஊறுகிறதா என்று பார்த்தேன். தோள்பட்டையில் வலி வருகிறதா என்று பார்த்தேன். சூளூர்ப்பேட்டை போகிற வண்டி வந்தது, நின்றது, போனது. ஒன்றும் மேலே வரவில்லை. கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இன்னொரு வாய் கடித்தேன்.